தண்ணீர் வாயிலின் முன்னே



இன்று பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. இதை இறைவார்த்தை ஞாயிறு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டில் அறிவித்தார். முதல் வாசகத்தில் குரு எஸ்ரா திருச்சட்ட நூலைத் திறக்கிறார். எந்த இடத்தில் நின்று திறந்தார் என்பதைக் கவனித்தீர்களா? எருசலேமில் அப்போது கோவில் இருந்தது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த மக்கள் பாடுபட்டு மறுபடி எழுப்பிய கோவில். எஸ்ராவோ குரு. கோவில் முற்றத்திலேயே நின்று வாசித்திருந்தால் ஒருவரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ தண்ணீர் வாயிலுக்கு முன்னால் இருந்த வெளியிடத்துக்கு வந்தார். கீகோன் ஊற்றின் பக்கம் இருந்த வாயில் அது என்பார்கள். ஊர்மக்கள் தண்ணீருக்குப் போய் வரும் வழி. அங்கே ஒரு மரமேடை போட்டு, விடியற்காலையில் தொடங்கி நண்பகல் வரை வாசித்தார். ஆண்கள் நின்றார்கள், பெண்கள் நின்றார்கள், கேட்டுப் புரிந்துகொள்ளும் வயது வந்த பிள்ளைகளும் நின்றார்கள்.

இன்றைய வாசகத்தில் சில வசனங்கள் விடுபட்டிருக்கின்றன. வீட்டுக்குப் போனதும் நெகேமியா 8ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். 13 பேருடைய பெயர்கள் வரிசையாக இருக்கும். இவர்கள் மக்கள் நடுவில் நின்று, வாசித்ததன் பொருளை விளக்கியவர்கள். இந்த வேலை ஏன் தேவைப்பட்டது? பாபிலோனில் வாழ்ந்த தலைமுறைகளின் பிள்ளைகள் அந்த மக்கள். அவர்கள் பேச்சு அரமேயம், நூலின் மொழி எபிரேயம். மேடையில் எவ்வளவு உரக்க வாசித்தாலும் பக்கத்தில் நின்று ஒருவர் விளக்கினால்தான் மனதில் ஏறும். அந்த 13 பேரை மறந்துவிடாதீர்கள். நான் இன்று பேச வந்தது அவர்களைப் பற்றித்தான்.

ஜோகூரின் பாசிர் கூடாங்கில் வாழும் நமக்கு 2019 என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். அந்த ஆண்டு மார்ச் 7ஆம் தேதி சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் வாடை பாசிர் பூத்தே பள்ளிகளுக்குள் புகுந்தது. பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறியது, வாந்தி வந்தது, தலை சுற்றியது. நான்கு நாள் கழித்து இரண்டாவது அலை. மார்ச் 13ஆம் தேதி 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஏறக்குறைய 6,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2,775 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அது ஓய்ந்தது என்று மூச்சுவிட்ட வேளையில், ஜூன் மாதத்தில் மறுபடியும் பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்கள். அந்த முறை 475 பள்ளிகளுக்கு மூன்று நாள் பூட்டு.

காற்றில் என்னென்ன இருந்தன என்று செய்தியில் சொன்னார்கள். பென்சீன், அக்ரோலின், அக்ரிலோநைட்ரைல், டொலுவின், சைலீன். செய்தி வாசித்தவர் தடுமாறாமல் வாசித்தார். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்களுக்கு என்ன விளங்கியது? குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, வெளியே காயப்போட்ட பள்ளிச் சட்டையைப் பிள்ளைக்குப் போடலாமா, சன்னலைத் திறப்பதா மூடுவதா, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவது? இந்தக் கேள்விகளுக்கு ஊரில் பதில் இல்லாமல் இல்லை. பதில் தெரிந்தவர்கள் இதே ஊரில்தான் இருந்தார்கள். கேட்டவர்களும் தெரிந்தவர்களும் ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறேன். பென்சீன், அக்ரிலோநைட்ரைல் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது பள்ளத்திலும் வடிகாலிலும் ஆற்றோரத்திலும் தங்கும். ஆகவே வாடை அடிக்கும்போது என்ன ஏதென்று பார்க்க ஆற்றங்கரைக்கு இறங்கக் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக நடந்து, மேட்டுப் பக்கம் விலக வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆனது. 10 வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். நம் தாமான் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் இது தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

உங்களில் பெரியவர்கள் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இரப்பர் மரத்திலும் செம்பனையிலும் வளர்ந்த குடும்பங்கள். களைக்கொல்லி அடித்த பெண்களை உங்களுக்குத் தெரியும். சிலருக்கு அது சொந்தத் தாய், சிலருக்குப் பாட்டி. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு, மருந்து வழிந்து சேலையும் சட்டையும் நனைய, நகம் கறுத்து, மூக்கில் இரத்தம் வடிய நின்றவர்கள். பராகுவாட் என்பது அந்த மருந்துகளில் ஒன்று. உள்ளே போனால் முறிவு மருந்து கிடையாது. டின்னில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. அதை வாசித்து அந்தத் தாயிடம் அவள் மொழியில் சொல்ல ஆள் இல்லை. பெண்களின் உரிமைக்காக உழைக்கும் தெனாகானித்தா அமைப்பு அந்தப் பெண்களைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதைக் கேட்டு, 2002இல் ஓர் ஆய்வாக வெளியிட்டது. அந்த அமைப்பை நடத்திய ஐரீன் பெர்னாண்டஸ் நம் திருச்சபையின் மகள். 2014இல் இறைவனடி சேர்ந்தார். பராகுவாட் மலேசியாவில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். அதற்குள் எத்தனை அம்மாக்களை அடக்கம் செய்துவிட்டோம்!

அறியாதவர்க்கு அறிவு புகட்டுவது இரக்கச் செயல்களில் ஒன்று என்று மறைக்கல்வியில் படித்தோம். பசித்தவருக்குச் சோறு போடுவதை உடல் சார்ந்த இரக்கத்திலும், இதை ஆன்மா சார்ந்த இரக்கத்திலும் சேர்த்துப் படித்தோம். அந்தத் தாய்மாரை நினைக்கும்போது எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. டின்னில் இருந்ததை ஒருவர் வாசித்துச் சொல்லியிருந்தால் அவர்கள் உடல் பிழைத்திருக்கும்.

இப்போது இந்த ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் நம் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். துறைமுகத்தில் இருக்கிறீர்கள், எண்ணெய்க் கிடங்குகளில் இருக்கிறீர்கள், இரசாயன ஆலைகளில் ஷிப்ட் பார்க்கிறீர்கள். சிலர் பாதுகாப்பு அதிகாரிகள், சிலர் ஆய்வுக்கூடத்தில் மாதிரி சோதிப்பவர்கள், சிலர் டேங்கர் ஓட்டுபவர்கள். இரசாயனத்துக்கு ஒன்றென்று வரும் பாதுகாப்புத் தரவுத் தாளை நீங்கள் தினமும் புரட்டுகிறீர்கள். அதில் 16 பகுதிகள். நான்காவதில் முதலுதவி இருக்கும். ஆறாவதில், சிந்திவிட்டால் என்ன செய்வது என்று இருக்கும். பன்னிரண்டாவதில், மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று இருக்கும். பீப்பாயின் மேல் ஒட்டியிருக்கும் குறியும் உங்களுக்குத் தெரியும். சிவப்புக் கரை போட்ட சாய்சதுரம். உள்ளே இலையில்லாத ஒரு மரம், பக்கத்தில் செத்துக் கிடக்கும் ஒரு மீன். அதைப் புரிந்துகொள்ள மலாய் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், தமிழ்கூட வேண்டாம். அதன் பொருள் இன்னதென்று ஒருவர் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும். வடிகால் ஓரம் அந்தக் குறி போட்ட பீப்பாய் கிடந்தால் தொடாதே, யாரையாவது கூப்பிடு என்று ஒரு பிள்ளைக்குப் புரியும்.

நெகேமியா எழுதிவைத்த அந்த 13 பேர் நீங்கள்தான். தெரிந்ததை மக்கள் நடுவில் நின்று விளக்க வேண்டியவர்கள். உங்கள் முதலாளியின் இரகசியம் எதையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. உலகம் முழுவதும் அச்சிட்டு வைத்திருக்கிற பொது அறிவைத்தான் கேட்கிறேன்.

சரி, எங்கே விளக்குவது? நம் பங்கு மண்டபத்தில் நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. அங்கே வைத்துக்கொண்டால் நம் பிள்ளைகள் வருவார்கள். ஆனால் கிம் கிம் ஆறு நமக்கு மட்டும் சொந்தமா? அன்று மயங்கி விழுந்த பிள்ளைகளில் மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று காற்று பிரித்துப் பார்த்ததா? கோலா மாசாய் பக்கம் ஓராங் செலெத்தார் மக்கள் இருக்கிறார்கள். ஜோகூர் நீரிணையிலேயே பிறந்து, சதுப்புக் காட்டின் ஒவ்வொரு வாய்க்காலையும் அறிந்தவர்கள். ஆறு கெட்டால் முதலில் அவர்கள் வலைதான் வெறுமையாகும். கூப்பாங் சிப்பி வளர்ப்பவர்களும் அப்படியே. இவர்கள் எல்லாரும் ஆலய மண்டபத்துக்கு வர முடியாது; வரச் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்துவதும் முறையல்ல.

ஆகவே பொது நூலகத்தில் வைத்துக்கொள்வோம். நூலகம் எல்லாருக்கும் பொதுவான இடம். அங்கே உள்ளே வர யாரும் தன் சமயத்தைச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. எஸ்ரா கோவிலை விட்டு வெளியிடத்துக்கு வந்தது எனக்கு இதனால்தான் பெரிதாகப் படுகிறது. நாம் அங்கே சமயம் பேசப் போவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆற்றைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுவே நம் நம்பிக்கையின் வேலை.

நூலகத்தைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பெரிய ஆலையோ கடல் மண்நிரப்போ வருவதற்கு முன்னால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாராக வேண்டும், இ.ஐ.ஏ. என்று வேலையிடத்தில் சொல்வீர்கள். பெரிய திட்டங்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது நாட்டின் விதி. அப்படி வைக்கும் இடங்களில் அரசு அலுவலகங்களோடு பொது நூலகங்களும் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்கள், வரைபடம், அட்டவணை. மேசையில் அது கிடக்கும். கருத்துச் சொல்லும் நாட்கள் கடந்துபோகும். அதைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இது இன்னது, இந்த எண் இதைச் சொல்கிறது என்று காட்ட ஒருவர் இல்லாவிட்டால் அந்த உரிமையால் என்ன பயன்? திருத்தூதர் பணிகள் நூலில் வரும் எத்தியோப்பிய அதிகாரி தேரில் உட்கார்ந்து எசாயாவை வாசிக்கிறார். புரிகிறதா என்று பிலிப்பு கேட்கிறார். விளக்க ஆள் இல்லாமல் எப்படி என்று அவர் திருப்பிக் கேட்கிறார். பிலிப்பு உடனே தேரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலை வெளியிட்டார். ஒரு திட்டத்தைப் பற்றிப் பேசும் மேசையில் அந்தப் பகுதி மக்களுக்குச் சிறப்பான இடம் வேண்டும் என்று அதில் எழுதுகிறார். அந்த இடத்தில் போய் உட்காரத் தெரிய வேண்டுமே! சுற்றுச்சூழல் கல்விக்கு ஓர் அதிகாரத்தையே அவர் ஒதுக்கியது இதற்காகத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நூலகத்தைப் பற்றி ஒரு குரு பேசுவது தமிழருக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணப் பொது நூலகம் உருவாக உழைத்தவர்களில் ஒருவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த அருட்தந்தை லோங். அயர்லாந்துக்காரர். அங்கிருந்த எல்லாச் சமயத்தாரும் வந்து படிக்கும் ஓர் இடத்துக்காக ஒரு கத்தோலிக்கக் குரு அலைந்தார். 1959இல் திறந்த அந்த நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. தீ எழுவதைத் தொலைவிலிருந்து பார்த்த அறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். அந்த இரண்டு குருக்களும் நூலகத்தைத் தங்கள் குருத்துவத்துக்கு வெளியே வைத்துப் பார்க்கவில்லை.

நம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். ஜோகூரின் மறு கோடியில் தஞ்சோங் கூப்பாங் என்ற மீனவப் பகுதியைப் பாருங்கள். 2008இல் கெலாப் ஆலாமி என்று ஒரு சிறு குழு அங்கே தொடங்கியது. கம்போங் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும் மெராம்போங் கடற்புல் வெளியைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அப்பா கடலில் பார்த்தது, தாத்தா சொன்னது, அறிவியலாளர் அளந்தது எல்லாம் ஒரே குறிப்பேட்டில் சேர்ந்தன. பள்ளியில் பின்வரிசையில் உட்கார்ந்த இளைஞர்கள் கடற்குதிரையைப் பற்றியும் ஆவுளியாவைப் பற்றியும் வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்களுக்கு விளக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். நீரிணைக்கு அந்தப் பக்கம், உங்களில் பலர் தினமும் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில், மத்திய பொது நூலகத்தில் 2013லேயே பிள்ளைகளுக்கென்று பசுமை நூலகம் திறந்தார்கள்; சுவா சூ காங் நூலகத்தை 2021இல் புதுப்பித்தபோது சுற்றுச்சூழலையே அதன் மையமாக வைத்தார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, உண்மை. தஞ்சோங் கூப்பாங்கோ சாதாரண மீனவப் பகுதி; அங்கேயும் முடிந்தது.

இரண்டாம் வாசகத்தில் புனித பவுல் ஓர் உடல், பல உறுப்புகள் என்கிறார். வலுக்குறைந்ததாகத் தோன்றும் உறுப்புத்தான் மிகவும் தேவையானது என்கிறார். நற்செய்தியில் நாசரேத்து தொழுகைக்கூடத்தில் இயேசுவின் கையில் எசாயாவின் சுருளேட்டைக் கொடுக்கிறார்கள். அவர் விரித்துத் தேடி எடுத்த இடம், ஏழைகளுக்கு நற்செய்தி என்று சொல்லும் இடம். வாசித்து முடித்ததும் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து விளக்கத் தொடங்கினார். நம் ஆண்டவர் ஊரார் முன்னிலையில் நூலைத் திறந்து வாசித்தவர் என்பதை நம் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

நெகேமியாவுக்குத் திரும்புகிறேன். நாம் கேட்ட பகுதி, அழாதீர்கள், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவருக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று சொல்வதோடு முடிகிறது. ஆனால் அதிகாரம் அங்கே முடியவில்லை. மறுநாள் குடும்பத் தலைவர்கள் எஸ்ராவிடம் மறுபடி வந்து கூடிப் படித்தார்கள். அப்படிப் படிக்கும்போது கூடாரத் திருவிழாவைப் பற்றிய கட்டளை கண்ணில் பட்டது. உடனே எல்லாரும் மலைக்குப் போனார்கள். ஒலிவக் கிளை, காட்டு ஒலிவக் கிளை, மிருதுச் செடிக் கிளை, பேரீச்ச ஓலை என்று பார்த்துப் பார்த்து வெட்டி வந்து, மொட்டை மாடியிலும் முற்றத்திலும் தண்ணீர் வாயில் வெளியிலும் குடில் கட்டினார்கள். ஒலிவத்துக்கும் காட்டு ஒலிவத்துக்கும் வித்தியாசம் தெரிந்த மக்கள்! நூலைப் படித்தவுடன் அவர்கள் கால்கள் மலையேறின.

நம் பிள்ளைகளும் நூலகத்தில் படித்துவிட்டு வெளியே போக வேண்டும். பாலத்தின் மேலிருந்து ஒரு வாளியில் ஆற்று நீரை மொண்டு, சோதனைத் தாளை நனைத்து, நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். நம் சுற்றுச்சூழல் துறை ஓர் ஆற்றை மதிப்பிட ஆறு அளவுகளைப் பார்க்கிறது: கரைந்திருக்கும் ஆக்சிஜன், இரண்டு வகை ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் மிதக்கும் திடத்துகள், பி.எச். அவற்றில் மூன்றை மலிவான சோதனைப் பெட்டியை வைத்துப் பிள்ளைகளே அளக்கலாம். சதுப்பில் அலையாத்தி வேர்களுக்கு நடுவே தத்தித் தாவும் மீனை மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்கிறார்கள். அது இருக்கிறதா, எத்தனை இருக்கின்றன, போன மாதம் எத்தனை என்று எழுதிவைக்க வேண்டும். ஓராங் செலெத்தார் பெரியவர் ஒருவர் ஒப்புக்கொண்டு வந்தால் அவர்தான் அன்றைக்கு ஆசிரியர். பட்டம் படித்த நாம் கீழே உட்கார்ந்து கேட்போம். நாளை யாராவது இருட்டில் எதையாவது கொட்டினால், இந்தத் தண்ணீர் போன வாரம் இப்படி இல்லை என்று தேதியோடும் அளவோடும் சொல்ல ஊரில் ஆள் இருக்கும்.

கிம் கிம் நடந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது இடைநிலைப் பள்ளியில் இருக்கிறார்கள். அந்த ஆண்டு பிறந்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளின் வயதை எட்டிவிட்டார்கள். இவர்களுக்கு அது வெறும் கதையாகிவிடும் முன்னால் நாம் தொடங்க வேண்டும்.

2025 ஜனவரியிலிருந்து ஜோகூரில் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறு என்று மாறியிருக்கிறது. ஞாயிறு ஆலயத்துக்கு. மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையை எனக்குக் கொடுங்கள். அன்பியப் பொறுப்பாளர்கள் சேர்ந்து நூலகத்தாரைப் பார்த்து ஓர் அறை கேட்பார்கள். சுராவ் தொழுகையிடப் பொறுப்பாளர்களையும், பக்கத்துக் கோவில் நிர்வாகத்தையும், சீனப் பள்ளிப் பெற்றோரையும் நானே நேரில் போய் அழைக்கிறேன். தமிழ், மலாய் இரண்டிலும் விளக்கத் தெரிந்தவர்கள் முக்கியமாக வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வருபவர்கள் வருந்த வேண்டாம். மாதத்துக்கு ஒருவர் வந்தால் போதும், மற்றவர்கள் வீட்டிலிருந்தே குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். தோட்டத்தில் மருந்தடித்த அம்மாக்கள் யாராவது இங்கே இருந்தால், உங்களைத்தான் முதல் சனிக்கிழமை பேச அழைக்கப் போகிறேன். படிப்பில்லை என்று தயங்காதீர்கள், அம்மா. நீங்கள் சொல்லப்போவதைச் சொல்ல இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி ஆசிரியர்கள் வாசலில் ஒரு தாளோடு நிற்பார்கள். பெயர், எந்த வேலை, எந்தச் சனிக்கிழமை வர முடியும் என்ற மூன்றை மட்டும் எழுதிக் கொடுங்கள். இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.